பழவங்காடியில் ஒரு மாடி ரூம்

ரத்னாபாய்க்குத் திருவனந்தபுரத்தில் ஒரு ரூம் இருந்தது. பழவங்காடியில், மாடியில், கிழக்குப் பார்த்த ஒற்றை ஜன்னலோடு. ஜன்னலைத் திறந்தால் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கும். மழைக்காலத்தில் ஒரு மூலை கொஞ்சம் ஒழுகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாடகையை ஏற்றினார்கள், போன வருஷம் வெள்ளையடித்தார்கள். இவ்வளவும் சொந்த ஊரான அருமனையில் இருக்கிற அவளுடைய மகன் ஷைஜுவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த ரூமுக்குக் குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அப்படி ஒரு ரூம் கிடையாது.

அவள் ஆறு வருஷமாகக் குடியிருந்தது ஆஸ்பத்திரிகளில். நோயாளி இல்லை. நோயாளிக்குத் துணை இருக்கிறவள். பைஸ்டாண்டர் என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் துபாயிலோ பெங்களூரிலோ இருக்க, இங்கே தனியாகக் கிடக்கிற கிழங்களுக்குக் கூலிக்குக் கூட்டிருப்பது. வெந்நீர் பிடித்து வைப்பது, மருந்துச் சீட்டோடு கீழே ஓடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பெட்பேன் எடுப்பது, ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து ஒரு கண்ணால் தூங்குவது. ஒருவர் வீட்டுக்குப் போனால், அல்லது வீட்டுக்குப் போகாமலே போய்விட்டால், தாணு என்கிற ஏஜென்ட் போன் பண்ணி அடுத்த ஆளைச் சொல்வான். நடுவில் ஒரு நாள் இரண்டு நாள் இடைவெளி விழுந்தால் தம்பானூரில் பெண்களுக்கான டார்மிட்டரியில் ஒரு கட்டில். அவளுடைய சொத்து முழுவதும் ஒரு ரெக்ஸின் பையில் அடங்கும். இரண்டு சேலை, மூன்று நைட்டி, ஒரு பிளாஸ்க், ஒரு எவர்சில்வர் தட்டு, பைபிள், பாய்.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. புருஷன் தங்கப்பனுக்கு ஈரல் கெட்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தபோது, பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவிக்கும் சேர்த்துக் கஞ்சி ஊற்றினாள். அதைப் பார்த்த யாரோ நம்பர் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தங்கப்பனை அடக்கம் பண்ணிப் பத்தாம் நாள் அந்த யாரோ கூப்பிட்டார்கள். வீட்டில் கடன் இருந்தது, ஷைஜுவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஏறிவிட்டாள்.

முதல் வருஷம், கூட இருந்தவர்கள் செத்தபோதெல்லாம் அழுதாள். இரண்டாம் வருஷம் சிலருக்கு மட்டும் அழுதாள். பிறகு அழுகை வருவதே நின்றுபோயிற்று. முகத்தைத் துடைத்துவிட்டு, தாடையைத் துணியால் கட்டிவிட்டு, பிளாஸ்க்கைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து தாணுவுக்குப் போன் பண்ணுவாள். கல்நெஞ்சுக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்த கை மரத்துப்போகிற மாதிரிதான். கிள்ளினால் கிள்ளியது தெரியும், வலிக்காது.

பொய் அந்த முதல் வருஷத்தில்தான் பிறந்தது. ஷைஜு போனில், ராத்திரி எங்கம்மா கிடக்கிறீங்க என்று கேட்டான். ஆஸ்பத்திரித் தரையில் என்று வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, ஒரு ரூம் எடுத்திருக்கேன் என்றாள். பெண் வீட்டுக்காரர்கள் விசாரித்துக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளையின் அம்மா கண்டவர்கள் கட்டிலுக்கடியில் படுத்துக் கிடக்கிறாள் என்று சர்ச்சில் நாலு பேர் பேசினால் யாருக்கு மானக்கேடு? கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் பொய்யும் பிள்ளை மாதிரிதான், பெற்றால் போதாது, வளர்க்கவும் வேண்டும். எங்கே ரூம் என்று மருமகள் ஷெமி கேட்டாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமல்லவா? அப்போது ரத்னாபாய் சாவித்ரி என்கிற அக்ரஹாரத்து அம்மாளுக்குக் கூட்டிருந்தாள். நாற்பத்தொரு நாள். அந்த அம்மாள் நினைவு வரும்போதெல்லாம் சொன்னது ஒன்றேதான்: எங்காத்து ஜன்னலைத் திறந்தால் பழவங்காடியில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கும். சாவித்ரி அம்மாள் செத்துப்போனாள். ஜன்னல் ரத்னாபாயிடம் தங்கிவிட்டது.

நிஜமான அறை ஒன்றும் அவளுக்கு உண்டு. அருமனையில் வீட்டுச் சுவரோடு ஒட்டி ஓடு சாய்த்து இறக்கின சின்ன அறை. சாய்ப்பு என்பார்கள். உள்ளே அவளுடைய கட்டில், தங்கப்பனின் போட்டோ. பூட்டிச் சாவியைத் தன்னோடு வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி பாஸ் போடுகிற சிறு பையில் அந்தச் சாவியும் கிடக்கும். முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஒரு ஆளைத் தூக்கி உட்கார வைத்தால் இடுப்பு அரை மணி நேரம் நிமிராது. வருகிற ஈஸ்டரோடு ரூமைக் காலி பண்ணிவிட்டேன் என்று சொல்லி ஊருக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். இல்லாத ரூமைக் காலி பண்ணுவது எவ்வளவு சுலபம். பொய்யும் தீர்ந்துபோகும், யாருக்கும் தெரியவும் வேண்டாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் உலகக் கோப்பை வந்தது.

காரியவட்டத்து மைதானத்தில் இந்தியா கிரிக்கெட் ஆடுகிறது. கோப்பை தொடங்குவதற்கு முந்தைய பயிற்சி ஆட்டம்தான். ஆனாலும் ஊர் ஊராக ஆள் கிளம்பிவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று லாட்ஜ்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனைக்கு ஒரு காலம் பூனைக்கு ஒரு காலம் என்பது போல, மூட்டைப்பூச்சிக்குப் பேர்போன லாட்ஜ்கள்கூட 'ரூம் இல்லை' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டன. சனிக்கிழமை சாயங்காலம் ஷைஜு போன் பண்ணினான். அவனுடைய மைத்துனன் ஜினு, ஷெமியின் தம்பி, எப்படியோ இரண்டு டிக்கெட் பிடித்துவிட்டான். திங்கட்கிழமையே வந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை ஆட்டம். ஆட்டம் முடிகிற ராத்திரியில் ஊருக்குப் பஸ் கிடையாது, மழையில் பைக்கில் போய்வர ஷெமி சம்மதிக்கவில்லை.

"லாட்ஜில கேக்குத பைசாக்கு ஒரு ஆடு வாங்கலாம்மா. நாங்க ஒங்க ரூம்லயே கெடந்துக்கிடுதோம்" என்றான்.

ரத்னாபாயிடம் இருந்த சாக்குகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஒருமுறை அவர்கள் வருகிறோம் என்றபோது வெள்ளையடிப்பு, இன்னொருமுறை பக்கத்து ரூமில் அம்மை போட்டிருக்கிறது. ஷைஜு போனில் சிரித்தான். "எப்பக் கேட்டாலும் ஒரு தடசம். நெசமாவே ரூம் உண்டாம்மா, இல்ல சும்மா சொல்லுதியளா?" விளையாட்டாகத்தான் கேட்டான். "வாங்க மக்களே" என்றாள்.

கூட்டிருந்த கிழவி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனாள். அடுத்த ஆள் புதன்கிழமை என்று தாணு சொல்லியிருந்தான். ஆக அவளுக்குக் கையில் ஒன்றரை நாள் இருந்தது. அதற்குள் ஆறு வருஷமாகக் குடியிருக்கிற ஒரு ரூமைக் கண்டுபிடிக்க வேண்டும். யாராவது ஒரு ரூம் சொல்வார்கள் என்று முதலில் டார்மிட்டரிக்குப் போனாள். பெண்களுக்கு என்று எழுதியிருந்த பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு உள்ளே கல்லூரிப் பையன்களைப் படுக்க வைத்திருந்தார்கள். தம்பானூரில் ஏழு லாட்ஜ் ஏறி இறங்கினாள். ஒருவன் சொன்ன வாடகை அவளுடைய பத்து நாள் கூலி. ஒருவன் ஆன்லைனில் பாருங்கள் என்றான். கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல்களில் இடம் இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பஸ் பிடித்துப் போனாள். இடம் இருந்தது, ஆனால் ஆண்களை வாசற்படி ஏற்ற மாட்டார்கள். திரும்பும்போது பெருமழை. பஸ் ஒரு மணி நேரம் ஹைவேயில் நின்றது. பக்கத்து சீட்டில் முகத்தில் மூவர்ணம் பூசிய ஒரு பெண் தூங்கி அவள் தோளில் சாய்ந்தாள். பழக்கத்தில் அந்தத் தலையைச் சரியாகத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். சாவித்ரி அம்மாளின் மகன் சேஷன். பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்று மாடி லாட்ஜில் மேனேஜராக இருந்தார். ஆறு வருஷத்தில் அவரை அவள் போய்ப் பார்த்ததில்லை. செத்த வீட்டாரைத் திரும்பப் போய்ப் பார்க்கக்கூடாது என்பது அவள் தொழிலில் எழுதாத சட்டம். அவர்களுக்கு அவளைப் பார்த்தால் அந்தக் கட்டில்தான் ஞாபகம் வரும். அந்தச் சட்டத்தை அன்று மீறினாள்.

சேஷன் அவளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மகன் வருகிறான், செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஒரு ரூம் வேண்டும், பழவங்காடியில்தான் வேண்டும் என்றாள். ஏன் பழவங்காடி என்று அவர் கேட்கவில்லை. அவள் எங்கே படுத்துத் தூங்குகிறவள் என்பது நாற்பத்தொரு நாள் பார்த்த அவருக்குத் தெரியாததா?

"பொய் சொல்லலை ரத்னாபாய், மாடிப்படி திரும்பற எடத்துலகூட ரெண்டு பேர் படுத்துண்டிருக்கா" என்றார். பிறகு பேனாவை மூடித் திறந்து, மூடி, "மேல மெத்தை அடுக்கற ரூம் ஒண்ணு இருக்கு. மெத்தையெல்லாம்தான் இப்போ ஆட்களுக்கடியில போயாச்சே. காலியாக் கெடக்கு. ஒரு பழைய கட்டில் போடச் சொல்றேன். புதன்கிழமை காலம்பற ஒழிச்சுக் குடுத்தாப் போறும்" என்றார். வாடகை என்று அவள் பர்ஸை எடுத்தபோது, தன் அம்மாவுக்கு அவள் செய்ததற்குத் தான் கொடுத்ததெல்லாம் ஒரு காசா என்று கேட்டுவிட்டு லெட்ஜருக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

அறைக்குக் கிழக்குப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. மூலையில் ஒழுகிய கறைகூட இருந்தது. ரத்னாபாய் கொஞ்ச நேரம் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை, வேலை இருக்கிறது என்பது மட்டும் தோன்றியது.

ஒரு வெறும் கட்டிலைச் சுற்றி ஐந்து நிமிஷத்தில் குடித்தனம் அமைப்பது அவளுக்குக் கைவந்தது. ஜன்னல் விளிம்பில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் பிளாஸ்க், தட்டு, இரண்டு டம்ளர். கொடி கட்டி நைட்டியைக் காயப்போட்டாள். கட்டிலுக்கு இடது பக்கம் ஸ்டூல், அதன்மேல் நாலு ஆரஞ்சுப் பழம், ஒரு கத்தி. கட்டிலுக்கடியில் பக்கெட். ஆறு வருஷம் இருந்த அறையில் காலண்டர் இல்லாமல் இருக்குமா? கீழே சந்தில் ஒரு கடைக்காரரிடம் விற்காமல் கிடந்த நாள் காலண்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டுப் பார்த்தால் அது ஜனவரி ஒன்றாம் தேதியில் நிற்கிறது. வெளியே அக்டோபர். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்தாள். மொத்தமாகக் கிழித்தால் அட்டையோடு வந்துவிடும் போலிருந்தது. பிப்ரவரியில் யாரோடு இருந்தாள், மே மாசம் யார், ஜூலையில் செத்தது யார் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். கட்டில் நம்பர்கள்தான் வந்தன, முகம் வரவில்லை. ஒன்பது மாசமும் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வந்தது. கீழே குப்பைத்தொட்டியில் போட்டாள்.

சாயங்காலம் இருவரும் நனைந்து வந்து சேர்ந்தார்கள். ஷைஜு டைல்ஸ் ஒட்டுகிற வேலை பார்க்கிறவன். வந்ததும் வராததுமாகத் தரையைத் தட்டிப் பார்த்து, பழைய மொசைக், நல்ல வேலை என்றான். கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கு வற்றலையும் ஷெமி கொடுத்துவிட்ட மீன் கறியையும் இறக்கி வைத்தான். நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறதும்மா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஜினு மட்டும், கட்டில் ஒன்றுதானே இருக்கிறது, அத்தை தினமும் கட்டிலில்தானே என்று கேட்டான்.

"இல்ல மக்களே, நான் கீழதான்" என்று அவள் சட்டென்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் அந்த அறையை அவளே பார்த்தாள். பழம், பிளாஸ்க், கத்தி, பக்கெட் எல்லாம் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவருக்கு எட்டுகிற மாதிரி வைத்திருந்தாள். தனக்கென்று கட்டிலின் கால்மாட்டில் பாய் விரித்திருந்தாள், நோயாளி கையசைத்தால் தெரிகிற இடத்தில். சொந்த ரூமிலும் அவள் பைஸ்டாண்டராகவே குடியேறியிருந்தாள். ஆண்பிள்ளைகள் அதையெல்லாம் எங்கே கவனிக்கப் போகிறார்கள்? முழங்கால் வலிக்குத் தரைதான் நல்லது என்று டாக்டர் சொன்னதாக ஒன்றைச் சேர்த்தாள். இத்தனை சொன்னவளுக்கு இது ஒன்று பாரமா?

மறுநாள் விடிந்ததும் மழை விட்டிருந்தது. ஷைஜு ஜன்னலைத் திறந்தான். கீழே சந்தில் ஆட்டோ சத்தம், அதற்கப்பால் ஒன்று, இரண்டு, பிறகு மளமளவென்று தேங்காய்கள் உடைந்தன. அவன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயசில் மார்க் ஷீட்டைக் காட்டிச் சிரித்த அதே சிரிப்பு. கீழே இறங்கும்போது வரவேற்பு மேஜையில் நின்று, அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் ஸார் என்று சேஷனிடம் சொன்னான். சேஷன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அம்மா இங்கே இருப்பது எங்களுக்குத்தான் துணை, ஒன்றும் கவலைப்பட வேண்டாம் என்றார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

ஆட்டம் நடக்கவில்லை. மத்தியானத்துக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஒரு பந்துகூடப் போடாமல் கைவிட்டுவிட்டார்கள். நாலரை மணிக்கு இருவரும் தொப்பலாக நனைந்து திரும்பினார்கள். ஜினு நீல நிற பனியனைப் பிழிந்துகொண்டே யாரையோ திட்டினான், வானத்தையாகத்தான் இருக்கும். இனி எதற்குத் தங்க வேண்டும், ஆறு மணிக்கு அருமனைக்கு நேர் பஸ் இருக்கிறது என்று பையைக் கட்டினார்கள். ரத்னாபாய் பால் விடாத கட்டன் சாயா வாங்கிவந்து பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். முடிந்தது, தப்பித்துவிட்டோம் என்று அப்போதுதான் ஒரு மூச்சு விட்டாள். ஈஸ்டருக்கு இன்னும் ஆறு மாசம்.

ஷைஜு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜினுவைப் பார்த்தான். ஜினு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேச்சு இங்கே வந்து பேசுவதற்கென்றே கொண்டுவரப்பட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ஜினுவின் அம்மா ஜெயபாய் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்துபோயிற்று. ஆபரேஷன் ஆகி, அடுத்த வாரம் வீட்டுக்கு விடுகிறார்கள். அவர்கள் வீடு பாறைமேல், நாற்பது படி. கட்டிலோடு தூக்கிக்கொண்டா ஏற முடியும்? கூட இருந்து பார்க்கவும் ஷெமியை விட்டால் ஆள் இல்லை.

"அந்தச் சாய்ப்பில கொண்டு கெடத்தலாம்னு ஷெமி சொல்லுதா" என்றான் ஷைஜு. "நான் சம்மதிக்கல, கேட்டியளா. எங்க அம்மைக்கு அது இருக்கட்டுன்னுதான் சொன்னேன். இங்க வந்து பாத்த பொறவுதான் மனசு சமாதானம் ஆச்சு. ஒங்களுக்கு ஒரு எடம் உண்டு, நல்ல ஆளுவ உண்டு. அந்தத் தாக்கோல் ஒங்க கையிலதானே இருக்கு?"

தாக்கோல் என்றால் சாவி. ரத்னாபாய் வாயைத் திறந்தாள். சொல்லலாம். நான் வந்து சம்பந்தியைப் பார்த்துக்கொள்கிறேன், ஆறு வருஷமாக எனக்கு அதுதானே வேலை, ஒரு ஓரமாகப் பாய் போட்டால் போதும் என்று சொல்லலாம். சொன்னால் இந்த ரூம் என்ன ஆகிறது என்று அவன் கேட்பான். ஜினு பக்கத்தில் நிற்கிறான், பெற்ற தாய்க்கு இடம் கேட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அவன் முன்னால் ஷைஜுவின் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். 

சிறு பையைத் திறந்து, பழைய பாஸ்களுக்கு நடுவிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அப்பாவின் போட்டோவை ஹாலில் மாட்டச் சொன்னாள். கட்டிலின் வலது பக்கம் சுவரைத் தொடுகிற மாதிரி போட வேண்டாம், ஆபரேஷன் ஆன ஆளை இறக்க அந்தப் பக்கம்தான் வசதி என்று சொன்னாள். பக்கெட், பெட்பேன், முதுகுக்குப் பவுடர் என்று வாங்க வேண்டியதையும் சொல்லிக் கொடுத்தாள். ஜினு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அழுதான் போலிருக்கிறது. வலித்திருக்க வேண்டும். தனக்கு வலிக்கிறதா என்று அவள் பார்த்தாள். கை இருக்கிறது, கையை ஒருவன் பிடித்திருக்கிறான், அவ்வளவுதான் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, ஆரஞ்சுப் பழங்களோடு சேஷன் மேஜையில் வைத்துவிட்டுப் புறப்பட்டாள். ஊருக்குத் திரும்பும் கூட்டம் பையும் கொடியுமாகத் தம்பானூரை நோக்கி நடந்துகொண்டிருந்தது. டார்மிட்டரியில் பலகையை மறுபடி நேராகத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் பாஸ் வாங்கி மேலே போனாள். புது ஆளின் பெயர் நாகலக்ஷ்மி. பழவங்காடிக்கு அடுத்தாற்போல், கோட்டைக்குள்ளே பிறந்து வளர்ந்து, சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள். நல்ல தெளிவோடு இருந்தாள், பேச ஆள் கிடைத்த சந்தோஷம் வேறு. ரத்னாபாய் செய்தித்தாள் விரித்து, பிளாஸ்க்கை வைத்து, பக்கெட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"உங்களுக்கு வீடு எங்கேயாக்கும்?" என்று நாகலக்ஷ்மி கேட்டாள்.

இந்தக் கேள்வியை எல்லா நோயாளிகளும் கேட்பார்கள். ஆறு வருஷமும் எல்லோரிடமும் அருமனை என்றுதான் சொல்லிவந்திருக்கிறாள். பொய் மகனுக்கு மட்டும்தான்.

"பழவங்காடியில" என்றாள் ரத்னாபாய். "மாடி ரூம். ஜன்னலத் தொறந்தா தேங்கா உடைக்குத சத்தம் கேக்கும்."

நல்ல இடமாச்சே என்றாள் நாகலக்ஷ்மி. ஓ என்று சொல்லிவிட்டு ரத்னாபாய் குனிந்து, கட்டிலின் கால்மாட்டில் பாயை வைத்தாள்.